குறைநிரப்பிகளும் நிரம்பாத குறைகளும்

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலே சென்ற தவணையின் தொடக்கத்தில் ஒரு தகரப் பேணி வந்து சேர்ந்தது. பச்சை நிறத் தாள் ஒட்டிய அப்பேணியினுள் இருந்தது ஒருவகைத் தூள். நாள்தோறும் காலையில் ஒரு கரண்டியை நீரிற் கரைத்துக் குடித்தால் குடல் நலம் பெறும், சமிபாடு சீராகும், உடம்பிலுள்ள நச்சுப் பொருட்கள் யாவும் வெளியேறும் என்று அதனைக் கொண்டுவந்த நண்பர் விளக்கினார். அவரும் எம்மைப் போன்ற ஓர் ஆசிரியரே. மாதச் சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்துபோவதால், மாலை நேரங்களில் இத்தகைய போசணைக் குறைநிரப்பிகளை விற்பவர். இரண்டு வாரம் கழிவதற்குள் ஓய்வறையில் நால்வர் அதனை வாங்கிவிட்டனர். அவர்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. தம் பணத்தில் வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். ஆயின், தவணை முடிவதற்குள் அதே பேணியை எங்கள் மாணவி ஒருத்தியின் லயக் காம்பிராவிலும் கண்டபோது, இதுபற்றி எழுதாதிருத்தல் தகாது என்ற முடிவுக்கு வந்தேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பிற் கற்பவள். தாய் கொழுந்து பறிப்பவர். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வயிற்று நோவென்று அவள் பாடசாலைக்கு வராதிருப்பாள். பிள்ளையின் படிப்புக் கெடுகிறதே என்று கலங்கிய தாய், தமது ஒரு வாரக் கூலிக்கு மேற்பட்ட தொகையை இரு முறையாகக் கொடுத்து அப்பேணியை வாங்கியிருந்தார். தூள் தீர்ந்தது; நோவு தீரவில்லை. பின்னர் ஆசிரியை ஒருவர் அவளைத் தனியே அழைத்து அன்போடு வினவியபோது காரணம் வெளிவந்தது. மாணவிகளுக்கென்று உள்ள மலசலகூடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயிலே பெரும்பாலான நாட்களில் நீர் இல்லை. ஆகவே அவள் காலையிற் புறப்பட்டதிலிருந்து மாலையில் வீடு திரும்பும்வரை நீர் அருந்துவதில்லை. மலங்கழிக்க வேண்டும் என்ற உணர்வு தோன்றினாலும் அடக்கிக்கொள்வாள். காலை உணவோ வெறுந் தேநீரும் கோதுமை மா ரொட்டியும். அரசாங்க வைத்தியசாலையிற் பரிசோதித்த வைத்தியரும் நாட்பட்ட மலச்சிக்கல் என்றே கூறினார். இப்பிள்ளைக்கு இல்லாதிருந்தது எது? தூளா, தாழ்ப்பாளா?

குறைநிரப்பி என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். நிரப்பப்பட வேண்டிய குறை ஒன்று உண்டு என்பது அச்சொல்லின் உட்கிடை. அக்குறை எங்கே உள்ளது, எவ்வாறு உண்டாயிற்று, அதனை உண்டாக்கியவர் யாவர் என்ற வினாக்களை எழுப்பாமலே, அது உண்பவரின் உடம்புக்குள் இருப்பதாக அச்சொல் நம்மை நம்பவைக்கின்றது. எனது வாதம் இதுதான்: நம் மக்களை வாட்டும் வயிற்றுத் துன்பங்களுட் பெரும்பாலானவற்றுக்கு மூலமான குறை வயிற்றினுள்ளே இல்லை, உணவிலும் நீரிலும் வேலை நேரத்திலும் மலசலகூடத்திலும் இருக்கின்றது. வெளியே இருக்கும் குறையை உள்ளே இருப்பதாகக் காட்டி அதற்கு ஒரு விலையும் குறிப்பதே இவ்வாணிபத்தின் சாரம்.

தமிழ் படித்தவன் என்ற முறையிலே, பேணியின்மேல் எழுதப்பட்டிருந்ததை ஒரு பாடத்தைப் படிப்பது போலப் படித்துப் பார்த்தேன். முதலாவதாக, அதிலே தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. வாங்கிய தாய்க்கு விளங்காத மொழியிலே அவருக்கு வேண்டிய தகவல்கள் யாவும் அச்சிடப்பட்டிருந்தன. முன்புறத்திலே, சமிபாட்டு நலத்துக்குத் துணைபுரிகின்றது என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம் பெரிய எழுத்துக்களில் இருந்தது. பின்புறத்திலே, மூக்குக் கண்ணாடி அணிந்தாலன்றிப் படிக்க இயலாத எழுத்தில், இப்பொருள் எந்த நோயையும் கண்டறிவதற்கோ குணப்படுத்துவதற்கோ தடுப்பதற்கோ உரியதன்று என்று பொருள்படும் இன்னொரு வாக்கியம் இருந்தது. முன்னது வாங்குவோருக்காக எழுதப்பட்டது. பின்னது நீதிமன்றத்துக்காக எழுதப்பட்டது.

இவ்விரு வாக்கியங்களும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1994ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட ஒரு சட்டம், குறைநிரப்பிகளை மருந்தின் வகையிலே சேர்க்காது உணவின் வகையிலே சேர்த்தது. மருந்தொன்றைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் அது பயன்தரும் என்பதை உற்பத்தியாளர் அரசாங்கத்துக்கு நிறுவிக் காட்ட வேண்டும். குறைநிரப்பிக்கு அத்தகைய முன்னனுமதி வேண்டியதில்லை. வயிற்றுப் புண்ணை ஆற்றும் என்று எழுதினால் அது மருந்துக்குரிய கூற்று. அதற்குச் சான்று வேண்டும். வயிற்று நலத்துக்குத் துணைபுரியும் என்று எழுதினால் அதற்கு முன்னனுமதி வேண்டாம்; மேற்சொன்ன மறுப்பு வாக்கியத்தையும் கூடவே அச்சிட்டால் போதும். துணைபுரியும் என்னும் இந்த வினை இவ்வாறு சட்டத்தின் இடுக்கிலே முளைத்தது. எச்சம் எது, முற்று எது என்று நாம் வகுப்பிலே கற்பிக்கின்றோம். முற்றுப்போலத் தோன்றி, பொருளை முடிக்காது விட்டுச் செல்லும் வினைக்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. எதற்குத் துணை? எவ்வளவு துணை? எவருக்குத் துணை? இவ்வினாக்கள் எதற்கும் பேணியிலே விடையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியிற் சென்றது. உணவுப் பொருளொன்று உடல் நலத்துக்கு நன்மை செய்யும் என்று கூற விரும்புவோர் அதற்கு விஞ்ஞானச் சான்று காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி வற்புறுத்தியது. குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணங்கிகள் அடங்கியவை என்று விளம்பரப்படுத்தப்பட்ட பண்டங்களின் கூற்றுக்கள் அங்கே பரிசீலனைக்கு வந்தபோது, அவை ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்டன. புரோபயோட்டிக் என்று அந்நுண்ணங்கிகளுக்கு வழங்கும் பெயரே நிறுவப்படாத ஒரு நலக்கூற்று என்று கொள்ளப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கூற்று, யோகட்டிலுள்ள உயிருள்ள நுண்ணங்கிகள், பாற்சர்க்கரையைச் சமிக்க இயலாதோர் அதனைச் சமிப்பதற்கு உதவுகின்றன என்பதாகும். அதாவது, மூலைக் கடையிலே விற்கும் சாதாரண யோகட்டுக்குச் சான்று இருந்தது. விலையுயர்ந்த குளிகைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இருக்கவில்லை.

விஞ்ஞானம் இதுபற்றிக் கூறுவதை மிகைப்படுத்தாமலும் குறைத்துரைக்காமலும் நோக்குதல் வேண்டும். மனிதக் குடலிலே கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன என்பதும், அவை நம் உடல் நலத்திற் பங்கு கொள்கின்றன என்பதும் உண்மை. பாரிஸ் பாஸ்ரர் நிறுவனத்திலே பணியாற்றி 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ், புளித்த பாலிலுள்ள பக்றீரியாக்கள் முதுமையைப் பின்தள்ளக்கூடும் என்று கருதினார். ஓர் ஆராய்ச்சியாளனின் ஊகமாக அது மதிப்புடையது. அந்த ஊகத்தை முடிந்த முடிவாக்கி விற்பதுதான் பிழை. அமெரிக்க இரைப்பை குடலியற் சங்கம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலே, பெரும்பாலான சமிபாட்டு நோய்களுக்கு இந்நுண்ணங்கிக் குளிகைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறியது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் போன்ற சில குறிப்பிட்ட நிலைகளுக்கு மட்டுமே, குறிப்பிட்ட இனங்களை அது ஏற்றுக்கொண்டது. நுண்ணுயிர்கொல்லி மருந்து உட்கொண்டபின் இக்குளிகைகளை உண்டவர்களின் குடலிலே, அவர்களுக்கே உரிய நுண்ணங்கிகள் மீண்டும் குடியேறுவது தாமதமடைந்தது என்று 2018ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். சிறிய ஆய்வுதான் எனினும், கெடுதல் ஒன்றும் இல்லையே என்று கூறுவோர் அதனை மனங்கொள்ளல் நன்று.

சமிபாட்டு நொதியங்கள் என்று விற்கப்படுபவற்றின் கதையும் இத்தகையதே. நொதியங்கள் புரதங்கள். வாய்வழியே விழுங்கும் புரதம் இரைப்பையின் அமிலத்திலே சிதையாதிருக்கத் தனியான பாதுகாப்பு வேண்டும். சதையி பழுதடைந்தவர்களுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் நொதியம் அத்தகைய பாதுகாப்போடு, அளவறிந்து கொடுக்கப்படுகின்றது. அது அவர்களின் உயிரைக் காக்கின்றது. நல்ல சதையியை உடைய ஒருவர் மதியச் சோற்றின்பின் ஒரு நொதிய மாத்திரையை விழுங்குவது, ஓடும் ஆற்றிலே ஒரு செம்பு நீரை ஊற்றுவதற்கு ஒப்பாகும். உடம்பின் நச்சுக்களை வெளியேற்றும் என்ற விளம்பரத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அவ்வேலையை ஈரலும் சிறுநீரகமும் கூலியின்றிச் செய்கின்றன. அவை பழுதுபட்டால் எந்தத் தூளும் அவற்றுக்கு ஈடாகாது.

அப்படியாயின் குறைநிரப்பிகள் அனைத்தும் வீண் என்கின்றீரா என்று எதிர்த்தரப்பார் வினவக்கூடும். இல்லை. கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்குகளிலே கொடுக்கப்படும் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் குறைநிரப்பிகளே. இசப்கோல் உமி மலச்சிக்கலுக்குப் பயன்தரும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. வயிற்றோட்டத்தால் நீரிழந்த பிள்ளைக்குச் சர்க்கரையும் உப்பும் அளவறிந்து கலந்த கரைசல் உயிர் கொடுக்கும். 1971ஆம் ஆண்டில் வங்காள அகதி முகாம்களிலே கொலரா பரவியபோது, வைத்தியர் திலீப் மகலநாபிஸ் இக்கரைசலைப் பெருந்தொகையான மக்களுக்குக் கொடுத்து அதன் வலிமையை நிரூபித்தார். அதன் விலை சில சதங்கள். செய்முறையோ உலகத்தார் எல்லோருக்கும் பொதுவானது. இவற்றுக்கும் பேணித் தூளுக்கும் உள்ள வேறுபாடு யாது? இங்கே குறை இன்னதென்று அறியப்பட்டது. அக்குறையுடையவர் இன்னாரென்று அறியப்பட்டது. கொடுக்கும் அளவும் விளையும் பயனும் அறியப்பட்டவை. அங்கோ குறை இன்னதென்று எவருக்கும் தெரியாது. தெரியாதிருப்பதே விற்பனைக்கு வசதி.

அறியப்படாத குறைக்குத் தூள் கரைத்துக் குடிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவுஸ்திரேலிய வைத்தியர்களான வாரனும் மார்ஷலும் 1980களின் தொடக்கத்தில், அத்தகைய புண்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்றீரியா காரணம் என்று காட்டினர். 2005ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டு வார மருந்திலே மாறக்கூடிய அந்நோயை, காஸ்ரிக் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்காகத் தூளும் கஷாயமும் கொடுத்துப் பேணி வளர்ப்போர் நம்மிடையே எத்தனைபேர்? மலத்திலே இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதிலே தடை, நடு வயதிலே மலங்கழிக்கும் வழக்கம் திடீரென மாறுதல் ஆகியவை கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இந்நாட்டிலே இலவச வைத்தியம் இன்னும் உயிரோடிருக்கின்றது. பேணியொன்று தீரும்வரை பார்ப்போம் என்று காத்திருந்த மாதங்களை எந்த வைத்தியராலும் மீட்டுத்தர இயலாது.

இனி, உணவிலே உள்ள குறைக்கு வருவோம். டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவிலே, 1890களில் எய்க்மன் என்னும் வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய வெள்ளரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன; தவிடு நீக்காத அரிசியை உண்டவை எழுந்து நடந்தன. ஆலை நீக்கி எறிந்த தவிட்டிலே உயிருக்கு இன்றியமையாத ஒன்று இருந்தது என்று பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். 1912ஆம் ஆண்டில் விற்றமின் என்ற சொல் பிறந்ததற்கு இவ்வாராய்ச்சியும் ஒரு காரணம். தானியத்தைத் தீட்டினால் அது நெடுநாள் கெடாதிருக்கும். கப்பலேற்றவும் களஞ்சியப்படுத்தவும் ஏற்றதாகும். அதாவது வாணிபத்துக்கு நல்லது. உண்பவருக்கு நல்லதா என்பது அவ்வாணிபத்தின் கணக்கிலே சேரவில்லை.

நார்ப்பொருளின் வரலாறும் அதுவே. உகண்டாவிலே பணியாற்றிய பேர்க்கிற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நார் மிகுந்த உணவை உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே மலச்சிக்கலும் மூலமும் அருகியிருந்தமையை 1970களில் உலகுக்கு எடுத்துரைத்தார். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளையேனும் இயற்கை உணவிலிருந்து பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிற் கூறியுள்ளது. நார்த்தூள் ஒரு கரண்டியிலே கிடைப்பது மூன்று நான்கு கிராம். அவித்த கடலை நூறு கிராமிலே ஏழு கிராமுக்கு மேல் உண்டு. முதலிலே தானியத்திலிருந்து நாரும் சத்தும் நீக்கப்பட்டன. நீக்கிய தவிடு கால்நடைத் தீனியாயிற்று. எஞ்சிய வெள்ளை மா மனிதருக்கு விற்கப்பட்டது. அதை உண்டு மலச்சிக்கலுற்ற மனிதருக்கு, நார் இப்போது பேணியில் அடைக்கப்பட்டு மீண்டும் விற்கப்படுகின்றது. ஒரு பொருளை எடுத்ததிலும் இலாபம். அதனைத் திருப்பிக் கொடுப்பதிலும் இலாபம். இதைவிடச் சிறந்த வாணிபம் உண்டோ?

நல்ல உணவை விட்டுக் கோதுமை மாவைத் தின்றது மக்களின் அறியாமைதானே என்று சிலர் கூறுவர். இது வரலாறறியாத பேச்சு. இரண்டாம் உலகப் போரிலே பர்மா வீழ்ந்து அரிசி வரவு தடைப்பட்டபோது கோதுமை மா இந்நாட்டு மக்களின் தட்டிலே முக்கிய இடம் பிடித்தது. போருக்குப் பின்னர் அமெரிக்காவின் மிகை விளைச்சல் உதவி என்ற பெயரிலே வந்தது. 1980ஆம் ஆண்டளவில் திருகோணமலைச் சீனன்குடாவிலே பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. இருள் பிரியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்குக் குரக்கன் அரைக்கவும் கடலை அவிக்கவும் நேரம் ஏது? விறகு ஏது? மா ரொட்டி அவளுடைய அறியாமையின் விளைவன்று. அவளுடைய வேலை நாளின் விளைவு. மலையிலே ஒதுங்குவதற்கு மலசலகூடம் இல்லாததால் நீர் அருந்தாமலே வேலைசெய்யும் பெண்கள் இன்றும் உளர். என் மாணவி கற்ற பழக்கம் அவள் தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அது தோட்டத்திலிருந்து வந்தது.

குளிகையா, கூடமா என்ற இப்பிரச்சினை மலையகத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், 1910களின் நடுப்பகுதியிலே, ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. இப்புழுவின் குடம்பி மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகுகின்றது. பின்னர் சிறுகுடலிலே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆயின் மலசலகூடம் இல்லாத இடத்தில் மண் மீண்டும் மாசுபடும். வெறுங்கால் மீண்டும் அம்மண்ணை மிதிக்கும். புழு மீண்டும் வரும். தொழிலாளிக்கு மருந்து கொடுப்பதைத் தோட்டத்துரைமார் பெரிதும் எதிர்க்கவில்லை. இரத்தமுள்ள உடம்பு கூடுதலாக வேலைசெய்யும் அல்லவா? மலசலகூடம் கட்டுவதற்குச் செலவிட வேண்டும் என்றபோதுதான் தயங்கினர். மருந்துண்டவர்கள் மீண்டும் மீண்டும் புழுவுக்கு இரையாயினர். குறையை உடம்பிலே வைத்து, வெளியிலே உள்ளதைத் தொடாது விடும் வைத்தியத்தின் முடிவு இதுதான் என்பதற்கு நம் பாட்டன் பாட்டிமாரின் குடலே சாட்சி.

வயிறு ஓர் அரசியல் உறுப்பு என்பதை இந்நாட்டு உழைக்கும் மக்கள் நமக்கு முன்பே கற்பித்துள்ளனர். 1953ஆம் ஆண்டிலே பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது; பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலிலே நாடே அசைவற்று நின்றது. இரண்டு மாதத்தில் பிரதமர் பதவி துறந்தார். அன்று எவரும் மக்களுக்கு விற்றமின் மாத்திரையைச் சிபார்சு செய்யவில்லை. மக்களும் தம் பசியைத் தம்முடைய தனிப்பட்ட குறையாகக் கருதவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பண்டங்களின் விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 90க்கு மேல் ஏறியது. அவ்வாண்டிலேதான், தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் 1970களிலிருந்து அரசு இலவசமாக வழங்கிவரும் திரிபோஷா மாவின் உற்பத்தி சோளத் தட்டுப்பாட்டால் தடைப்பட்டது. திரிபோஷாவும் ஒரு குறைநிரப்பியே. ஆனால் அது சமுதாயம் தன் குறையைத் தானே ஏற்றுக்கொண்டு நிரப்ப முயன்ற குறைநிரப்பி. அது நின்றபோது கடைகளிலே வண்ணப் பேணிகள் நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலே வளர்ச்சி குன்றியோர் நாட்டளவிலே நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். இந்த இடைவெளியை எந்தக் கரண்டியால் நிரப்பப் போகின்றோம்?

இவ்விடத்திலே நமது மற்றொரு சாராரையும் நோக்க வேண்டும். அந்நியரின் குளிகைகளை இகழ்ந்து, நம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் என்று முழங்குவோர் இவர்கள். முழங்கிய மறுகணமே அதே அளவான பேணியிலே மூலிகைத் தூளை அடைத்து அதே விலைக்கு விற்கின்றனர். இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்பது இவர்களின் மந்திரம். உடல் மெலியச் செய்யும் என்று விற்கப்படும் மூலிகைத் தேயிலைகள் பலவற்றிலே நிலாவாரை சேர்க்கப்படுகின்றது. அது வலிய பேதிமருந்து. நெடுநாள் அருந்தினால் உடலின் உப்புச் சமநிலையைக் கெடுக்கக்கூடியது. பழஞ்சோற்றிலே பயன்தரும் நுண்ணங்கிகள் உண்டு என்பது மெய். ஆயின் வேறு சோறு இல்லாமையால் பழஞ்சோறு உண்டவனின் வாழ்க்கையை, வயிறு நிறைந்த ஒருவர் மேடையிலே நின்று பொற்காலமாக வருணிப்பது மெய்யன்று. குரக்கனையும் வல்லாரையையும் சிவப்பரிசியையும் போற்றுவோம், அவை நல்லவை. அவற்றின் விலை ஏன் ஏழைக்கு எட்டாததாயிற்று என்ற வினாவையும் சேர்த்தே எழுப்புவோம். வினாவை விட்டுப் போற்றுதலை மட்டும் செய்வோர் வாணிபத்தின் இன்னொரு கிளையையே நடத்துகின்றனர்.

இறுதியாக, நம்மைப் பற்றி. பேணியைக் கொண்டுவந்த நண்பரை நான் பகைவராகக் கருதவில்லை. அவருடைய சம்பளம் அவருடைய குடும்பத்துக்குப் போதாது. அப்போதாமையைப் போராடித் தீர்க்க வேண்டிய ஆசிரியர் இயக்கம் சோர்ந்திருப்பதால், அவர் தனியாகத் தீர்க்க முயல்கின்றார். அவருடைய குறையையும் தனிமனிதக் குறையாக மாற்றித்தான் கம்பனி அவரை முகவராக்கியது. எனினும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. தோட்டத்துத் தாய் அப்பேணியை வாங்கியது அதன் குணத்தை அறிந்தன்று. சொல்பவர் ஆசிரியர், அவர் சொன்னால் சரியாயிருக்கும், மறுத்தால் பிள்ளைக்கு ஏதும் குறை வருமோ என்ற நம்பிக்கையும் அச்சமும் சேர்ந்தே வாங்கவைத்தன. எழுத்தறிவு பரப்பிய தலைமுறைகள் ஈட்டித் தந்த நம்பிக்கை அது. அதனை ஒரு பேணிக்குத் தரகுப் பணமாக மாற்றும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. தன் மாணவரின் பெற்றோருக்கு எப்பண்டத்தையும் விற்பதில்லை என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு நெறியாகக் கொள்ளல் வேண்டும்.

செய்யவேண்டியவை வேறும் உள. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் நம்மிடம் உண்டு. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருட்களையும் பின்னது தன் ஆட்சிக்குள் எடுத்துள்ளது. பேணிகளிலே மும்மொழியிலும் தகவல் இருக்க வேண்டும் என்றும், சான்றில்லாத நலக்கூற்றுக்கள் நீக்கப்பட வேண்டும் என்றும் இச்சட்டங்களின் பெயரால் நாம் கோர வேண்டும். விளம்பரத்தையும் முகப்புத்தாளையும் படித்து ஆராய்வதை மொழிப்பாடத்தின் ஒரு பயிற்சியாக்கலாம். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் இதனைச் சேர்ந்தே கற்பிக்கலாம். சிற்றுண்டிச்சாலையிலே பொரித்த மாப்பண்டங்களின் பக்கத்திலேனும் அவித்த கடலைக்கும் கௌபிக்கும் இடம் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலைக்கும் கொழுந்து மலைக்கும் நீரும் மலசலகூடமும் வேண்டும் என்பதைப் பெற்றோர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.

அம்மாணவியின் கதையைச் சொல்லி முடிக்கின்றேன். ஓய்வறையிலே சில்லறை சேர்த்து, மாணவிகளின் மலசலகூடக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் பூட்டினோம். அத்தனை தாழ்ப்பாள்களுக்கும் ஆன செலவு ஒரு பேணியின் விலையிற் பாதிகூட இல்லை. பேணி விற்ற நண்பரும் தம் பங்கைக் கொடுத்தார். ஆணி அறைந்ததும் அவரே. அவள் இப்போது வாரம் முழுவதும் வருகின்றாள். குழாயிலே நீர் மட்டும் இன்னும் ஒழுங்காக வரவில்லை. அதற்கான மனுவிலே பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கின்றோம். கையொப்பமிட்டவர்களிலே முதலாமவர் அவளுடைய தாய்.